பம்பா, ஃபேனா, மூடியா? – வண்டி கேள்வி பதில்

சித்திரை பிறந்ததும் ஏற்காடு ஏறும் கார்கள் கூடும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வளைவில் ஓரங்கட்டி நிற்கும் கார்களும் கூடும். இந்த முறை வந்த கடிதங்களில் இன்ஜின் சூடு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகல், வாட்டர் பம்ப் ஆகியவை பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் என் கார் நிற்கும் இடத்தில் காலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இளஞ்சிவப்பாக ஈரம் தெரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் ‘வாட்டர் பம்ப் போயிருக்கும், மாத்திடலாம்’ என்கிறார்கள். பம்ப்தான் என்று நானே எப்படி உறுதி செய்துகொள்வது?
– அஸ்தம்பட்டி வாசகர்

அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு டார்ச்சும் பழைய செய்தித்தாளும் போதும்.

முதலில் அது கூலன்ட்தானா என்று பாருங்கள். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தால் லேசாக வழுவழுக்கும், இனிப்பு வாடை வரும். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள், அது விஷம். பவர் ஸ்டீரிங் ஆயிலும் சிவப்பாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: கூலன்ட் கரைந்துவிடும், ஆயில் மேலே மிதக்கும். ஏசி தண்ணீர் என்றால் நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. பெரும்பாலும் அது இடப்பக்க முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் சொட்டும்.

அடுத்து, இரவு காரை நிறுத்தியதும் இன்ஜினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் ஈரம் ரேடியேட்டருக்கு நேர் கீழே இருந்தால் ரேடியேட்டர், கீழ் ஹோஸ், கிளிப் இவற்றைச் சந்தேகப்படலாம். பெல்ட் ஓடும் பக்கத்துக்கு நேர் கீழே இருந்தால் பம்ப்பின் மேல் சந்தேகம் போகலாம். இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் சொட்டும் ஒழுகல் பம்ப் சீலில் அடிக்கடி காண்பது. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் பாகங்கள் ஆறும்போது சுருங்கி இடைவெளி விடுகின்றன. காரை நிறுத்தியதும் குனிந்து பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஒழுகவில்லை’ என்று சொல்லிவிடுவதில் பலர் ஏமாறுவது இதனால்தான்.

பம்ப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. வெளியே பெல்ட் சுற்றும் புல்லி, உள்ளே தண்ணீரை, அதாவது கூலன்ட்டை, தள்ளும் இம்பெல்லர், இரண்டையும் இணைக்கும் ஒரு ஷாஃப்ட். ஷாஃப்ட்டைத் தாங்க ஒரு பேரிங் உண்டு. தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் தடுப்பது சீல். கார்பன் வளையம் ஒன்றும் செராமிக் வளையம் ஒன்றும் முகத்தோடு முகம் உரசிக்கொண்டு ஓடுவதுதான் அந்த சீல். சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் பம்ப் உடம்பின் அடிப்பக்கத்தில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் அது பேரிங்கை நனைக்காமல் இந்தத் துளை வழியாக வெளியே வந்துவிடும். சிலர் இதைக் கோளாறு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். ஒழுகலாக இருந்தது, புல்லி கழன்று பெல்ட் அறுந்து நடுரோட்டில் நிற்பதில் போய் முடியும்.

டார்ச் அடித்து அந்தத் துளையைப் பாருங்கள். துளைக்குக் கீழே வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பச்சையாகவோ உப்புப் பூத்தது போல ஒரு கோடு இறங்கியிருந்தால் அது காய்ந்த கூலன்ட். அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டு, கூலன்ட் டப்பாவில் அப்போது இருக்கும் மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கோடு திரும்ப வந்து, காலையில் ஆறிய நிலையில் மட்டமும் இறங்கியிருந்தால் பம்ப்பை மாற்ற வேண்டியதுதான். மெல்லிய கறை மட்டும் இருக்கிறது, மட்டம் ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். சீல் என்றால் துளியூண்டு ஈரம் வந்து காய்வது உண்டு. பெல்ட்டில் படும் கூலன்ட் சுற்றி வீசப்படும் என்பதால், பெல்ட்டுக்கு நேரான பானெட் அடிப்பக்கத்திலும் பக்கத் தகட்டிலும் ஒரே வரிசையாகப் புள்ளிகள் தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பேரிங். இன்ஜின் ஆஃப், சாவி கையில். புல்லியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று துளி ஆட்டம் தெரிந்தாலும் பேரிங் போய்விட்டது. பெல்ட் இழுத்துப் பிடித்திருப்பதால் சின்ன ஆட்டம் மறைந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பார்ப்பதே சரி. கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல உணர்ந்தாலும் அதேதான். நல்ல பம்ப் லேசான இறுக்கத்தோடு ஒரே சீராகச் சுற்றும், சத்தமே வராது.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிவாகவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப் பம்ப்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும், உதாரணத்துக்கு 1.1 பார், காற்றழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுவார்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். எங்கே என்பதை அந்த அழுத்தமே வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கருவி இல்லையென்றால், இருக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போவது நல்லது.

சேலம் டவுனுக்குள் எவ்வளவு ஓட்டினாலும் இன்ஜின் சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது. ஏற்காடு ஏறும்போது மட்டும் பாதி வளைவு தாண்டியதும் சிவப்பை நோக்கிப் போகிறது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ரேடியேட்டர் மூடி புதிது. ஒழுகாத பம்ப்பும் கெட்டுப்போகுமா?
– ஏற்காடு வாசகர்

கெட்டுப்போகும். கண்டுபிடிக்க நாளாவதும் இந்த மாதிரி பம்ப்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் பம்ப்புக்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு.

எப்போது சூடாகிறது என்பதைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓமலூர் பைபாஸில் ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஓடும் காரில் எதிர்க்காற்று ஃபேன் வேலையைச் செய்துவிடும், நிற்கும் காரில் அது கிடையாது. நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலோ வேகத்திலோ மட்டும் ஏறினால் ஃபேன் நன்றாக இருக்கிறது, தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ஓட்டம் குறைய மூன்று காரணங்கள் முக்கியம்: அடைத்த ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), தண்ணீரைத் தள்ளாத பம்ப். நாங்கள் இந்த வரிசையிலேயே பார்ப்போம்.

ரேடியேட்டரில் வெளியடைப்பும் உண்டு, உள்ளடைப்பும் உண்டு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சி, இறகு, சருகு எல்லாம் மெத்தை போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஸ்டேட் சாலையில் ஓடும் காரில் இது சீக்கிரம் சேரும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துபோகும். உள்ளடைப்பு இருந்தால், இன்ஜின் நல்ல சூட்டிலிருந்து அணைத்தவுடன் ரேடியேட்டர் முகத்தில் சூடு திட்டுத்திட்டாக இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாத இந்த வித்தியாசம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் உடனே தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று போட்டிருக்கும் சூட்டில் திறக்க ஆரம்பித்து, கொதிப்பதற்குள் நன்றாக, 8 மில்லிமீட்டர் அளவுக்கு, திறந்திருக்க வேண்டும். இதைச் சேலத்தில் செய்தால் நல்லது. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இரண்டும் சரி என்றால் பம்ப்புக்கு வாருங்கள். வெளியே ஒழுகாமல் உள்ளே இம்பெல்லர் கெடுவது இரண்டு விதம். பிளாஸ்டிக் இம்பெல்லர் வெடித்து ஷாஃப்ட்டில் வழுக்கும்: மெதுவாக ஓடும்போது சுற்றும், ரேஸ் கொடுத்தால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும். தகட்டு இம்பெல்லர் என்றால் துருப்பிடித்து இதழ்கள் அரிக்கப்பட்டுப் போகும். வருடக்கணக்கில் வெறும் தண்ணீரில் ஓடிய கார்களில் கழற்றிப் பார்க்கும்போது இதழ் இருந்த இடத்தில் கூர்மையான முட்கள் போல நாலு துண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை பாருங்கள். திறந்த பிறகு கழுத்துக்குள் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ரேஸ் கொடுத்தால் ஓட்டம் கூட வேண்டும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டப்பாவில் மட்டும் மூடி உள்ள கார்களில், டப்பாவுக்கு மேலே வரும் சின்ன ஹோஸிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்கலாம். தண்ணீர் பொங்க ஆரம்பித்தால் உடனே தள்ளி நில்லுங்கள்.

மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறிவிடுகிறோம். இன்ஜினுக்கு முழுச்சுமை, காருக்கு வேகம் கிடையாது, எனவே எதிர்க்காற்றும் கிடையாது. பம்ப் ஓடுவது இன்ஜின் வேகத்தில். மூன்றாவது கியரில் ‘கொட கொட’ என்று திணறவிட்டு ஏறினால் சூடு அதிகம், பம்ப் சுற்றுவது குறைவு. இரண்டாவது கியரில் 2,500 ஆர்பிஎம் சுற்ற விட்டு ஏறினால் அதே பம்ப் கூடுதல் தண்ணீரைத் தள்ளும். பாதித் தேய்ந்த பம்ப் டவுனில் தாக்குப்பிடித்து மலையில் கைவிடுவதும் இதனால்தான். முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ஹீட்டர் ஃபேனை உச்சத்தில் வையுங்கள். வியர்க்கும். ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஹீட்டரில் சூடான காற்றே வரவில்லை என்றால் தண்ணீர் குறைந்துவிட்டது, அல்லது பம்ப் தள்ளவில்லை. அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றலாமா? அப்பா காலத்து அம்பாசடரில் அதைத்தானே ஊற்றினோம்.
– அம்மாப்பேட்டை வாசகர்

ஊற்றக் கூடாது. சேலத்தைச் சுற்றி மாக்னசைட் வெட்டும் நிலம். இந்தப் பகுதி போர் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பதை உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் படிந்த வெள்ளைப் படிவே சொல்லும். அதே படிவு பம்ப் சீலின் கார்பன் முகத்தில் உட்கார்ந்தால் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரி அரித்துவிடும். அம்பாசடரின் இன்ஜின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளை. இன்றைய காரில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் மருந்து இல்லாத தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும்.

‘நம்ம ஊரில் பனியா உறையப் போகிறது, கூலன்ட் எதற்கு’ என்று பலர் கேட்கிறார்கள். ஏற்காட்டிலும் உறையாது, உண்மை. கூலன்ட் இங்கே தேவைப்படுவது வேறு மூன்று காரணங்களுக்காக: கொதிநிலையைக் கூட்ட, அரிப்பைத் தடுக்க, சீலின் முகங்களுக்கு வழுவழுப்பு கொடுக்க. கான்சன்ட்ரேட் வாங்கினால் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் வாங்கினால் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறம் கம்பெனி போடும் சாயம்தான். உங்கள் கார் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைக் கேன் மேல் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒத்துவராத இரண்டு வகை கலந்தால் கூழாகித் திரிந்துபோகும். வழியில் வேறு வழியே இல்லாமல் குடிதண்ணீர் ஊற்றினால் குற்றமில்லை. வீடு வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள்.

டஸ்டர் டீசல். டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?
– ஆத்தூர் வாசகர்

மாற்றிவிடுங்கள், இதில் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் 1.5 டீசல் இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட்டேதான் பம்ப்பைச் சுற்றுகிறது. டீசல் ஃபிகோ, எக்கோஸ்போர்ட், 1.6 டீசல் போலோ போன்றவற்றிலும் அப்படியே. பம்ப்பை அடையச் செய்யும் வேலையும் பெல்ட் மாற்றும் வேலையும் ஒன்றுதான், ஏறக்குறைய ஒரு நாள் கூலி. இப்போது பழைய பம்ப்பை விட்டுவிட்டு இருபதாயிரம் கிலோமீட்டரில் அது ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். ஒழுகிய கூலன்ட் புதுப் பெல்ட்டை நனைத்தால் அதுவும் வீண். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் பல் தாவும் அல்லது அறுபடும், வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் நான்கும் ஒரே செட்டாகக் கிடைக்கும், அதையே வாங்குங்கள். வேலை முடிந்து ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் திரும்ப நேராக வருகின்றனவா என்று பார்ப்பதை மெக்கானிக் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை இன்ஜினில் பம்ப் கவருக்குள் ஒளிந்திருப்பதால் துளையைப் பார்க்க முடியாது. கவரின் அடி ஓரத்தில் ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் அதுதான் அறிகுறி.

பம்ப் போனது உறுதி. டைமிங் செயின் உள்ள சின்ன பெட்ரோல் கார், பம்ப் வெளிப் பெல்ட்டில் ஓடுகிறது. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. வீட்டிலேயே மாற்ற வழி சொல்லுங்கள்.
– ஓமலூர் வாசகர்

உங்கள் வகைக் காரில் தாராளமாகச் செய்யலாம், அரை நாள் ஒதுக்குங்கள். வாங்க வேண்டியவை: பம்ப், அதற்குரிய பேக்கிங் அல்லது ரப்பர் ரிங், ரெடிமிக்ஸ் கூலன்ட் 5 லிட்டர். பெல்ட்டில் கூலன்ட் பட்டிருந்தாலும் வெடிப்பு தெரிந்தாலும் அதையும் சேர்த்து வாங்குங்கள். 10, 12, 14 சாக்கெட்டுகள், பிளாஸ்டிக் சுரண்டி, அகலமான டிரே, சின்ன அளவு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) தேவை. வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இங்கே உதவாது, 10 நியூட்டன் மீட்டரை அது சரியாகக் காட்டாது.

முதல் நாளே புதுப் பம்ப்பைக் கடையிலேயே பழைய பம்ப்பின் படத்தோடு ஒப்பிடுங்கள்: போல்ட் துளைகள், புல்லி உட்காரும் முகத்தின் உயரம், இம்பெல்லர் இதழ்கள் வளைந்திருக்கும் திசை. கையால் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

இரவு முழுதும் ஆறிய இன்ஜினில் மட்டும் தொடங்குங்கள். பழைய கூலன்ட் துருநிறமாக இருந்தால், பழைய பம்ப் மாட்டியிருக்கும்போதே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி இன்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு வடித்து, தெளிவாக வரும்வரை கழுவிவிடுங்கள். புதுப் பம்ப் மாட்டிய பிறகு கழுவினால் அத்தனை அழுக்கும் புது சீல் வழியாகத்தான் போகும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கூலன்ட்டை ரேடியேட்டர் அடியிலுள்ள திருகு வழியாக டிரேயில் வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே பம்ப் புல்லியின் போல்ட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். பெல்ட் இழுத்துப் பிடித்திருப்பதால் புல்லி சுற்றாமல் நிற்கும். இதை மறந்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றியவர்கள் புல்லியைப் பிடிக்க ஸ்க்ரூடிரைவர் சொருகி விளிம்பை வளைத்துவிடுகிறார்கள். பெல்ட் போகும் பாதையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள், பிறகு புல்லி.

பம்ப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் பம்ப்பின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடமோ அங்கே குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முடுக்கினால் அலுமினியம் வெடிக்கும். எல்லாம் கழன்ற பிறகும் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். இரண்டு முகங்களுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் விழும் கீறல்தான் நாளைக்கு ஒழுகும் இடம். பம்ப் கையில் வரும்போது பிளாக்கில் மீதமுள்ள கூலன்ட் கொட்டும், டிரே அங்கே இருக்கட்டும்.

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. துளைக்குள் துணி அடைத்துவிட்டுப் பிளாஸ்டிக் சுரண்டியால் பழைய பேக்கிங்கை எடுங்கள். எமரித் தாள், கிரைண்டர் பிரஷ் வேண்டாம். போல்ட் துளைகளுக்குள் கூலன்ட் தேங்கியிருந்தால் துணித்திரியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அடிமூடிய துளையில் தண்ணீர் நிற்க போல்ட்டை முடுக்கினால் அது நகர இடமில்லாமல் வார்ப்பையே பிளக்கும்.

ரப்பர் ரிங் உள்ள பம்ப்புக்கு சிலிக்கான் கம் தேவையே இல்லை. ரிங்கில் கொஞ்சம் கூலன்ட் தடவிப் பள்ளத்தில் உட்கார வைத்தால் போதும். கம் போட வேண்டும் என்று கையேடு சொன்னால் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடு, அதற்கு மேல் வேண்டாம். எல்லா போல்ட்டையும் விரலால் தொடங்கிவிட்டு, எதிரெதிராக மூன்று தடவையில் இறுக்குங்கள். 10 தலை கொண்ட 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 12 தலை கொண்ட 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 22 என்பது பொதுக் கணக்கு. உங்கள் இன்ஜினுக்குக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும். புல்லியைச் சுத்தியலால் தட்டி மாட்டாதீர்கள், அடி நேராக செராமிக் வளையத்துக்குப் போகும்.

கடைசியில் காற்று. கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். காரின் மூக்கு மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்தினால் காற்று சுலபமாக வெளியேறும். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வரும். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். வடித்து அளந்தது 3.5 லிட்டர், ஊற்றியது 2.5 லிட்டர்தான் என்றால் உள்ளே ஒரு லிட்டர் காற்று இருக்கிறது. மறுநாள் காலை ஆறிய பிறகு மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள், ஒரு வாரம் தினமும் பாருங்கள்.

மூன்று மாதம் முன்பு மாற்றிய பம்ப் மறுபடி ஒழுகுகிறது. மட்டமான பொருளைப் போட்டுவிட்டார்களா?
– சூரமங்கலம் வாசகர்

இருக்கலாம். ஆனால் முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் என்றால் மாட்டியதில் தவறு: பழைய பேக்கிங் சரியாகச் சுரண்டப்படவில்லை, அல்லது கம்மைப் போட்டதும் காயவிடாமல் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். துளையிலிருந்து என்றால் சீல் போயிருக்கிறது. மூன்று மாதத்தில் சீல் போவதற்கு, பழைய துருவும் படிவும் கழுவப்படாமல் இருந்தது, அளவுக்கு மீறிய கம் உதிர்ந்து சீல் முகத்தில் மாட்டியது, தண்ணீர் ஊற்றும் முன் ‘சும்மா ஒரு தடவை’ ஸ்டார்ட் செய்து பார்த்தது ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். உலர்ந்த சீல் சில நொடி ஓடினாலே முகத்தில் கீறல் விழுந்துவிடும். புல்லி ஆடுகிறது என்றால் பெல்ட்டை வீணை நரம்பு மாதிரி முறுக்கிவிட்டிருக்கிறார்கள். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது பம்ப் பேரிங். காரணத்தைச் சரிசெய்யாமல் இன்னொரு பம்ப் போட்டால் அதற்கும் இதே கதி.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்கு நல்லது என்கிறார் மெக்கானிக்.
– கொண்டலாம்பட்டி வாசகர்

வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்ப இன்ஜினுக்குள் சுற்றும், மலையில் சூடு கூடத்தான் செய்யும். டவுனில் இன்ஜின் சூடே ஏறாமல் பெட்ரோலைக் குடிக்கும். கெட்டுப்போனால் புதிது போடுங்கள், விலை அதிகம் இல்லை.

பம்ப் லேசாக ஒழுகுகிறது. இந்த ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமா? ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் தாங்கும் என்கிறார்களே?
– ஜாகீர் அம்மாபாளையம் வாசகர்

போகாதீர்கள். மஞ்சள் தூள் ரேடியேட்டரின் ஊசித்துளையைக் கொஞ்ச நேரம் அடைக்கலாம். சுற்றிக்கொண்டே இருக்கும் சீலை எதுவும் அடைக்காது. அந்தத் தூள் போய் ஹீட்டரையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும்தான் அடைக்கும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக்கும் அப்படியே.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் முழுதாக இறங்கிவிட்டால் சென்சார் ஆவியில் தொங்கும். முள் ஏறுவதற்குப் பதில் கீழே இறங்கிக் காட்டும், நீங்கள் ‘சரியாகிவிட்டது’ என்று ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஹெட் வளைந்துவிடும். முள்ளே இல்லாமல் நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார்களில் சிவப்பு எரிந்தபின் யோசிக்க நேரமே இல்லை, அந்த இடத்திலேயே அணையுங்கள். மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது? சாக்கடையில் விடலாமா?
– நாகலூர் வாசகர்

கூடாது. இதைக் கேட்டதற்கு நன்றி. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய், பூனை, கோழி, மாடு எதுவும் நக்கும், குடிக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும். ஒரு சின்ன நாய்க்கு ஒரு கை அளவே போதும். டிரேயைத் திறந்தபடி முற்றத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, ‘விஷம், பழைய கூலன்ட்’ என்று எழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயிலைச் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இரண்டையும் ஒரே கேனில் கலக்காதீர்கள். தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டு, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவி முடிக்கும்வரை நாயைக் கட்டி வையுங்கள்.